ஆசானும் கோச்சும்: பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் எதற்காகக் கொதித்தார்கள்?

கேள்வி இதுதான்: "இவான் வுகோமனோவிச் மூன்று சீசன் இருந்தும் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. இரண்டு முறை பிளே-ஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். அப்படிப்பட்ட கோச் போனதற்கு ரசிகர்கள் அழுதார்கள். அடுத்து வந்தவரை நீக்கியபோது நிர்வாகத்தின் மீது பாய்ந்தார்கள். தோற்றால் கோச்சை மாற்றச் சொல்வதுதானே உலக வழக்கம்? இவர்கள் மட்டும் ஏன் இப்படி?"

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைக்காரன். தூத்தூர் பக்கம். எங்கள் ஊர்களில் பிள்ளை நடக்கப் பழகியதும் காலடியில் பந்தை உருட்டிவிடுவார்கள். வேலைக்காகக் கொச்சியில் பல வருடம் இருந்தேன். பிளாஸ்டர்ஸ் ஆடும் கலூர் ஸ்டேடியத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் அறை. அதனால் இந்தக் கதையை நான் தள்ளி நின்று பார்த்தவன் இல்லை. பக்கச்சார்பு இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் இவானைக் கோச் என்று கூப்பிட்டதில்லை. 'ஆசான்' என்றுதான் கூப்பிட்டார்கள். மலையாளத்தில் உச்சரிப்பு கொஞ்சம் மாறும், ஆனால் நம் ஆசான்தான். எங்கள் பக்கத்தில் வர்மம் சொல்லித் தருபவர், களரியில் கம்பு பிடிக்கக் கற்றுத் தருபவர், இவர்களுக்குத்தான் அந்தப் பெயர். சம்பளத்துக்கு வந்துவிட்டுப் போகிறவரை யாரும் ஆசான் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு செர்பியக்காரருக்கு அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது என்று புரிந்தால் மீதியெல்லாம் தானாகவே புரியும்.

அவர் வருவதற்கு முன்பு அந்த நாற்காலி எப்படி இருந்தது என்று பாருங்கள். கிளப் தொடங்கிய 2014-இல் டேவிட் ஜேம்ஸ். அடுத்து பீட்டர் டெய்லர். சீசன் நடுவிலேயே போனார், டெர்ரி ஃபெலன் வந்தார். 2016-இல் ஸ்டீவ் கோப்பல். பிறகு ரெனே மியூலன்ஸ்டீன், அவரும் பாதியில் விலகி மறுபடி டேவிட் ஜேம்ஸ். அவரும் போய் நெலோ விங்காடா, எல்கோ ஷாட்டோரி, கிபு விகுனா. ஏழு வருடத்தில் இத்தனை பேர். கோச்சை மாற்று, எல்லாம் சரியாகிவிடும் என்ற மருந்தை அந்த கிளப் அளவுக்குக் குடித்துப் பார்த்தவர்கள் இந்தியாவில் குறைவு. நோய் தீரவில்லை. 2014-லும் 2016-லும் ஃபைனலுக்குப் போய் இரண்டிலும் கொல்கத்தாவிடம் தோற்றார்கள். முதல் ஃபைனலில் கடைசி நிமிடத்துக்கும் அப்பால், நிறுத்த நேரத்தில் வாங்கிய கோல். இரண்டாவது, சொந்த மண்ணில், கொச்சியில், பெனால்டி ஷூட்அவுட்டில். அதற்கப்புறம் நான்கு சீசன் பிளே-ஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2020-21 சீசனில் 11 அணிகளில் 10-ஆவது இடம்.

அந்தக் குழியிலிருந்துதான் இவான் தூக்கினார். 2021-22 சீசன் கோவிட் காரணமாக முழுக்க கோவாவில், காலி ஸ்டேடியங்களில் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானிடம் 4-2 என்று உதை. சரி, வழக்கம்போலத்தான் என்று டிவியை அணைத்தோம். பிறகு பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்கவே இல்லை. லூனா, ஆல்வரோ வாஸ்கெஸ், பெரேரா டயஸ், சஹல் எல்லோரும் சேர்ந்து ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 2022 மார்ச் 20, ஃபதோர்டாவில் ஹைதராபாத்தோடு ஃபைனல். ரசிகர்களை உள்ளே விட்டார்கள். கேரளாவிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் பைக்கிலும் கிளம்பிப் போனார்கள். ஹைதராபாத்துக்குத்தான் அன்று மஞ்சள் ஜெர்சி. நம் ஆட்கள் வேறு நிறத்தில் இறங்கினார்கள், ஆனால் கேலரி முழுக்க மஞ்சள். கே.பி. ராகுல் கோல் அடித்தார். 88-ஆவது நிமிடம் டவோரா சமன் செய்தார். ஷூட்அவுட்டில் ஹைதராபாத் கோல்கீப்பர் கட்டிமணி மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். 3-1.

மூன்றாவது ஃபைனல், மூன்றாவது தோல்வி. அன்றைக்கும் யாரும் கோச்சை மாற்று என்று கத்தவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தோல்விதான் இந்த ரசிகர்களைக் கொதிக்க வைக்கிறது என்றால், அன்றே கொதித்திருக்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டு பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு வருகிறேன்.

2022-23 முதல் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், விதி மாறியது. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நேரே அரையிறுதிக்குப் போவார்கள். மூன்றாவது அணி ஆறாவது அணியோடும், நான்காவது ஐந்தாவதோடும் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். மேலே இருப்பவர்களின் ஊரில். தோற்றால் சீசன் முடிந்தது. பிளாஸ்டர்ஸ் அடுத்தடுத்து இரண்டு வருடம் அந்த ஐந்தாவது நாற்காலியில்தான் உட்கார்ந்தது. இரண்டு வருடமும் வெளியூர், இரண்டு வருடமும் எக்ஸ்ட்ரா டைம், இரண்டு வருடமும் எக்ஸ்ட்ரா டைமின் முதல் பாதியிலேயே விழுந்த ஒரு கோல்.

முதலாவது 2023 மார்ச் 3, பெங்களூரு, ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். 90 நிமிடம் 0-0. எக்ஸ்ட்ரா டைமில், 96-ஆவது நிமிடம், பாக்ஸுக்கு வெளியே பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். நம் கோல்கீப்பர் கில் போஸ்ட்டை விட்டுத் தள்ளி நின்று சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சுனில் சேத்ரி சட்டென்று பந்தைக் காலி வலைக்குள் தள்ளிவிட்டார். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார்.

அறையில் நாங்கள் ஆறு பேர், ஒரு லேப்டாப். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பியிருந்தேன். "மக்கா, விசில் அடிச்சானாலே?" என்று ஊர்க்காரன் ஒருவன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. விதி என்னவென்றால், ஃபவுல் நடந்த அணி உடனே அடிக்க நினைத்தால் சுவர், விசில் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ரெஃப்ரி தலையிட்டு சுவரைப் பின்னால் நகர்த்த ஆரம்பித்துவிட்டால், அவர் விசில் அடிக்கும்வரை பொறுக்க வேண்டும். தனக்கு விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாகச் சேத்ரி பிறகு விளக்கினார். கொச்சிக்காரர்கள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நடந்ததை இந்திய கால்பந்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இவான் மைதானத்துக்குள் வந்து, கையை அசைத்து, தன் ஆட்களை எல்லாம் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேமரா அந்தக் காலி பாதி மைதானத்தையே காட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரு வீரர்கள் மட்டும் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் பெங்களூருவுக்கு என்று அறிவித்தார்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அவர் செய்தது தப்பு. இன்னும் 24 நிமிடம் பாக்கி இருந்தது. ஒரு கோல் போதும். அந்த அணிக்கு அந்த ஒரு கோலை அடிக்கும் திறமை இருந்தது. அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்திருக்க வேண்டும். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இவானுக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். சேத்ரிக்கும் அவர் குடும்பத்துக்கும் இணையத்தில் விழுந்த வசைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஆனால் ரசிகர்களின் கண்ணில் அன்றைக்குத்தான் அவர் ஆசான் ஆனார். அதற்கு முன்பும் அப்படிக் கூப்பிட்டார்கள்தான், ஆனால் செல்லப் பேராக. மறுநாள் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு நானும் போனேன். தோற்று, பாதியில் எழுந்து வந்த அணியை வரவேற்க அவ்வளவு கூட்டம். தோளில் பையோடு கல்லூரிப் பிள்ளைகள், மஞ்சள் ஜெர்சியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா, வாட்ச்மேன் சீருடையைக்கூடக் கழற்றாமல் நேரே டியூட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர். இவான் வெளியே வந்ததும் எழுந்த சத்தத்தில் அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. அப்பாவும் அழுதுகொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன், ஏன் சேட்டா என்று. "எங்களுக்காக ஒருத்தன் இறங்கிவந்தான்ல" என்றார். அவ்வளவுதான். ரெஃப்ரி முடிவுகளால் பாதிக்கப்பட்டோம் என்று வருடக்கணக்கில் புழுங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு, தன் வேலையைப் பணயம் வைத்து ஒருவர் எழுந்து நின்றார். சரியா தப்பா என்பது அவர்களுக்கு இரண்டாவது விஷயம்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம் அதே பெங்களூருவோடு, கொச்சியில். 2023 செப்டம்பர் 21. இவான் தடையில் இருந்தார்; உதவிக் கோச் ஃபிராங்க் டாவன் பெஞ்சில். 2-1 என்று வென்றோம். பெங்களூரு கோல்கீப்பர் குர்பிரீத் பந்தைக் கையாளத் தடுமாறிய நொடியில் லூனா ஓடிவந்து தட்டிவிட்ட கோல். கேலரி அதிர்ந்தது என்று எழுதினால் போதாது; என் முன்வரிசையில் நின்றவர் கண்ணாடி கீழே விழுந்து உடைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அக்டோபர் 27 அன்று தடை முடிந்து இவான் திரும்பினார், ஒடிசாவுக்கு எதிராக. முதலில் ஒரு கோல் வாங்கி, சச்சின் சுரேஷ் பெனால்டி தடுத்து, டியாமண்டகோஸ், லூனா அடித்து மறுபடி 2-1.

டிசம்பர் கடைசியில் கொல்கத்தா போய் மோகன் பகானையும் 1-0 என்று வீழ்த்தியபோது பட்டியலில் முதலிடம். 12 ஆட்டத்தில் 26 புள்ளி. இந்த வருடம் கோப்பை வந்துவிடும் என்று நானே அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்.

மீதி 10 ஆட்டத்தில் கிடைத்தது 7 புள்ளி.

என்ன நடந்தது? லூனா டிசம்பரிலேயே முழங்கால் காயத்தில் போய்விட்டார். அப்புறம் பெப்ரா. அப்புறம் கோல்கீப்பர் சச்சின் சுரேஷுக்குத் தோள்பட்டை. சீசனுக்கு முன்பே சொட்டிரியோ. முதல் பதினொருவரில் ஓட்டை விழுந்தபோது அடைக்க ஆள் இல்லை. சீசனுக்கு முந்தைய கோடையில்தான் சஹல் மோகன் பகானுக்கும் கில் ஈஸ்ட் பெங்காலுக்கும் போயிருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் வாஸ்கெஸும் டயஸும். நல்லா ஆடுகிறவன் போவான், வேறொருவன் வருவான், கோச் மறுபடி முதலிலிருந்து கட்டுவார். பிப்ரவரி 25 அன்று கொச்சியில் கோவாவுக்கு எதிராக 0-2 பின்தங்கி 4-2 என்று வென்ற ஆட்டம் மட்டும் நடுவில் ஒரு மின்னல். அந்த இரவு எல்லோரும் நம்பினார்கள்.

2024 ஏப்ரல் 19, புவனேஸ்வர், கலிங்கா ஸ்டேடியம். அதே ஒடிசா. சீசனில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய டியாமண்டகோஸ் ஆட முடியவில்லை. லூனா பெஞ்சில்; நான்கு மாதம் கழித்து அன்றுதான் இறங்கினார், அதுவும் இரண்டாம் பாதியின் பிற்பகுதியில். 67-ஆவது நிமிடம் செர்னிச் கோல் அடித்தார். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. 87-ஆவது நிமிடம் ஒடிசாவின் டியாகோ மௌரிசியோ சமன் செய்தார். 98-இல் ஐசக். 2-1. முடிந்தது.

அதே அறை. ஆறு பேரில் மூன்று பேர்தான் மிச்சம். மற்றவர்கள் வேலை மாறிப் போயிருந்தார்கள். யாரும் பேசவில்லை. கீழே தெருவில் ஒரு சின்னப் பையன் மட்டும் தனியாகப் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்த சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

ஒரு வாரத்தில், ஏப்ரல் 26 அன்று, கிளப்பும் இவானும் பிரிந்ததாக அறிவிப்பு வந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்வி. தோற்ற கோச் போனால் ஏன் அழுகிறார்கள்? ஏனென்றால் தொடர்ந்து மூன்று முறை பிளே-ஆஃபுக்குக் கூட்டிப்போன ஒரே ஆள் அவர்தான். அதற்கு முன் அந்த கிளப்பில் யாரும் அதைச் செய்ததில்லை. அவர் ஆட்டம் நடத்திய விதத்தில் குறை இல்லையா? இருந்தது. முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தைக் காக்கத் தெரியாத அணியாகவே அது கடைசிவரை இருந்தது. ஃபதோர்டாவில் 88, கலிங்காவில் 87. மாற்று ஆட்டக்காரர்களை இறக்கத் தாமதிப்பார். இதையெல்லாம் கேலரியில் நின்று நாங்களே திட்டியிருக்கிறோம். ஆனால் அந்த இரண்டாம் பாதிச் சரிவுக்குக் கோச் மட்டும் காரணம் இல்லை என்று ஸ்டேடியம் வாசலில் பரோட்டா போடுகிறவருக்குக்கூடத் தெரியும். ஆள் வாங்குவது, விற்பது, பெஞ்சைப் பலப்படுத்துவது எல்லாம் நிர்வாகத்தின் வேலை. அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஆசானை மட்டும் அனுப்பியதுதான் வலித்தது.

அடுத்து என்ன நடந்தது என்பதே இதற்குச் சாட்சி. 2024 மே மாதம் ஸ்வீடன்காரர் மிகேல் ஸ்டாரே கோச்சாக வந்தார். ரசிகர்கள் அவரை வெறுத்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது உண்மையில்லை. டூரண்ட் கோப்பையில் மும்பை சிட்டியை 8-0 என்று அடித்தபோது கொண்டாடினோம். வயநாடு நிலச்சரிவு நடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வீரர்கள் கையில் கறுப்புப் பட்டையோடு ஆடி அந்த வெற்றியை அந்த மக்களுக்குக் கொடுத்தார்கள். ஸ்டாரேயை அப்போது யாரும் அந்நியராகப் பார்க்கவில்லை.

ஆனால் அதற்குள் டியாமண்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிருந்தார். ஜீக்சன் சிங்கும் அங்கேதான் போனார். ஐஎஸ்எல் தொடங்கியது. 12 ஆட்டத்தில் மூன்றே வெற்றி, 11 புள்ளி, பத்தாவது இடம். டிசம்பர் 14 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக 85 நிமிடம்வரை 2-1 முன்னிலை. 3-2 என்று தோல்வி. ஆள் மாறினார்கள், கோச் மாறினார், அந்தக் கடைசி நிமிட நோய் மட்டும் மாறவில்லை. இரண்டு நாளில் ஸ்டாரேயும் அவருடைய உதவியாளர்களும் நீக்கப்பட்டார்கள்.

அதற்குள் மஞ்ஞப்படை முடிவெடுத்துவிட்டது. மஞ்ஞப்படை என்றால் மஞ்சள் படை; பிளாஸ்டர்ஸின் பெரிய ரசிகர் அமைப்பு. ஸ்டேடியத்தின் கிழக்கு கேலரியில் பெரிய பேனர் தூக்குவதும் பாட்டுத் தொடங்குவதும் அவர்கள்தான். இனி கிளப்பிடமிருந்து டிக்கெட் வாங்கி விற்கப் போவதில்லை, ஸ்டேடியத்துக்குள் எதிர்ப்பைக் காட்டுவோம் என்று அறிவித்தார்கள். தேதியைக் கவனியுங்கள்: ஸ்டாரே நீக்கப்படுவதற்கு முன்பே இது வந்துவிட்டது. கோச்சை அனுப்பு என்பது அதில் கோரிக்கையே இல்லை. அணியைக் கட்டத் தெரியாத நிர்வாகம் பதில் சொல்லட்டும் என்பதுதான். இதற்குப் பதிலாக நிர்வாகம் கோச்சை அனுப்பியது. கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. கோபம் இரட்டிப்பானதற்கு அதுதான் காரணம்.

வெளியூர் நண்பர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: ரசிகனுக்கு ஆட்டம் பார்க்கத்தான் உரிமை, கிளப் நடத்துவது முதலாளியின் விஷயம் என்று. நான் அதை ஏற்கவில்லை. 2014-இலிருந்து அந்த கிளப்பில் முதலாளிகள் மாறியிருக்கிறார்கள். சச்சின் டெண்டுல்கரே பங்கை விற்றுவிட்டுப் போனார். கோச்கள் மாறினார்கள், வீரர்கள் எத்தனையோ பேர். மாறாமல் இருப்பது கலூரில் மெட்ரோவிலிருந்து இறங்கி மழையிலும் வரிசையில் நிற்கும் அந்தக் கூட்டம் மட்டும்தான். அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் விளம்பரதாரர்களிடம் பணம் வாங்குகிறார்கள். கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு?

2024 டிசம்பர் 22, ஸ்டாரே போன பிறகு கொச்சியில் முதல் ஆட்டம், முகமதன் அணியோடு. டி.ஜி. புருஷோத்தமன் தற்காலிகக் கோச். நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். கிறிஸ்துமஸ் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிவிட்டுப் போனேன். நிர்வாகத்துக்கு எதிராகக் கோஷம் எழுந்தது. ஆனால் பந்து நம் ஆள் காலுக்கு வந்தால் கோஷம் நின்று கைதட்டல் எழும். பந்து வெளியே போனால் மறுபடி கோஷம். 90 நிமிடமும் அப்படியே. 3-0 என்று வென்றோம். கோல் விழுந்தபோதெல்லாம் என் பக்கத்தில் இருந்தவர் பேனரைக் கீழே வைத்துவிட்டுக் குதித்தார். பிறகு மறுபடி எடுத்துப் பிடித்தார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் கிளப் ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்றை அறிவித்தது. மார்ச்சில் டேவிட் கடாலா புதிய கோச்சாக வந்தார். அந்த சீசன் எட்டாவது இடத்தில் முடிந்தது. பிளே-ஆஃபே இல்லை.

இவான் இருந்திருந்தால் கோப்பை வந்திருக்குமா என்று கேட்டால், அதே பெஞ்சை வைத்துக்கொண்டு வந்திருக்காது என்றுதான் சொல்வேன். ஆனால் 98-ஆவது நிமிடம் கோல் வாங்கிய இரவில், அறையில் மூன்று பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னது நினைவிருக்கிறது: "அடுத்த வருஷம் ஆசான் பாத்துக்கிடுவாரு மக்கா." ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்த அறிவிப்பை அவன்தான் எனக்கு அனுப்பினான். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.